ஆறு மணி நேரக் கணக்கு: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியும் ரத்தநாள அறுவை மேற்பயிற்சியும்

ரத்தநாள அறுவைச் சிகிச்சையில் மேற்பயிற்சியைப் பெருநகரத்தின் சில பெரிய மருத்துவமனைகளில் குவிப்பதே சரி என்ற கருத்து துறைக்குள் ஏறக்குறைய முடிந்த முடிவாகிவிட்டது. நோயாளிகள் திரளும் இடத்தில்தான் கை பழகும் என்பது அதன் வாதம். பெருந்தமனி வீக்கத்துக்கு அது பொருந்தும், மறுக்கவில்லை. அதையே விபத்தில் அறுபட்ட தமனிக்கும் நீட்டி, சென்னைக்கு வெளியே ஒரகடம் தொழிற்பகுதியில் அடிபட்டவரை விரைந்து சென்னைக்கு அனுப்பினால் போதும் என்று முடிப்பதுதான் ஐயத்துக்குரியது. இதற்குத் துணையாகக் காட்டப்படுவது சிதைந்த காலைக் காக்க முடியுமா என்று கணிக்க 1990இல் வெளியான ‘மெஸ்’ மதிப்பெண் முறை. அந்த முறை இம்முடிவைத் தாங்குவதாக எனக்குத் தோன்றவில்லை.

மெஸ் நான்கு கூறுகளைக் கூட்டுகிறது: எலும்பு–தசைச் சிதைவு, ரத்தவோட்டக் குறைவு, அதிர்ச்சி, வயது. மொத்தம் 7ஐத் தொட்டால் காலை எடுக்க நேரும் என்பது கணிப்பு. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கன்டெய்னர் லாரி மோதி, முழங்காலுக்குப் பின்னே தமனி அறுபட்ட 24 வயதுத் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். சிதைவுக்கு 3. பாதத்தில் நாடி இல்லை, விரல்கள் மதமதக்கின்றன, அதற்கு 2. ரத்த அழுத்தம் இறங்கவில்லை, வயதும் முப்பதுக்குள், இரண்டுக்கும் 0. ஆக 5. ஆறு மணி நேரம் கடந்தால் ரத்தவோட்டத்துக்கான 2 இரட்டித்து 4 ஆகும், மொத்தம் 7. காயம் அதேதான், காலும் அதேதான். ஏறியது காத்திருப்பின் மதிப்பெண். சென்னை சுமார் 40 கிலோமீட்டர்தான். வண்டி ஓடும் நேரத்தைவிட, நாடி இல்லை என்று முதலில் உணர்வதிலும், எக்ஸ்ரேயிலும், பரிந்துரைக் கடிதத்திலும், படுக்கை தேடுவதிலும் நேரம் கரைய வாய்ப்பு மிகுதி. ஆறு மணி நேர வரம்புக்கு அடிக்கடி மேற்கோளாகும் மில்லர், வெல்ச் ஆகியோரின் 1949ஆம் ஆண்டு நாய்ச் சோதனையிலும் 12–18 மணி நேரத்தில் ஓட்டம் மீட்கப்பட்ட கால்களில் ஏறத்தாழப் பாதி பிழைத்தன. எனவே அதைச் செங்குத்தான விளிம்பாகக் கொள்வதைவிடச் சரிவாகக் கொள்வதே பொருந்தும். அந்தச் சரிவை நடுவழியில் நிறுத்தவும் முடியும். அறுபட்ட இரு முனைகளுக்கிடையே ஷண்ட் என்னும் சிறு குழாயைச் செருகி நூலால் கட்டினால் ஓட்டம் தற்காலிகமாகத் திரும்புகிறது. தொடையிலிருந்து சிரையெடுத்து ஒட்டும் நுட்பமான வேலை பின்னர் சென்னையில் நடக்கலாம்.

மெஸ்ஸையே நம்பலாமா என்ற கேள்வி நியாயமானது. கடுமையாகச் சிதைந்த கால்களைப் பற்றி 2001இல் வெளியான லீப் ஆய்வு, இத்தகைய மதிப்பெண்களைக் கொண்டு காலை எடுக்க முடிவு செய்யக் கூடாதென்று எச்சரித்தது. நான் அதைத் தீர்ப்பாகக் கொள்ளவில்லை. நேரம் எங்கே புகுகிறது என்று காட்டும் வரைபடமாக மட்டுமே கொள்கிறேன். கோவை கங்கா மருத்துவமனை 2006இல் வெளியிட்ட மதிப்பெண் நம் மண்ணில் பிறந்ததுதான். ஆனால் தமனியைச் சரிசெய்ய வேண்டிய கால்களை அது தன் ஆய்வுக்குள் கொள்ளவில்லை. இவ்விடத்தில் அது உதவாது. ஷண்டில் ரத்தம் உறையும் என்பார்கள். உறையலாம், ஓட்டமே இல்லாத காலைவிட அது மோசமாகிவிடாது.

மூன்றாண்டு எம்.சிஎச்., டிஆர்.என்.பி. படிப்புகளை முடித்தவரின் மேற்பயிற்சி, ஸ்டென்ட்டும் கேத்லேபும் நோக்கிச் சாய்வது இயல்பு. அதில் சில மாதங்களையாவது செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களுக்கு ஒதுக்க வேண்டும். அங்கே எலும்பு மருத்துவர்களுக்கும் பொது அறுவை மருத்துவர்களுக்கும் ஷண்ட் வைப்பதையும், இறுகிய தசையுறையைப் பிளப்பதையும் கற்பிப்பது அவர் கடமையாக வேண்டும். அவ்வளவு கேஸ் அங்கே வராது என்ற ஆட்சேபம், கற்பவரை மட்டும் எண்ணி, அவரிடம் கற்கக்கூடியவர்களை எண்ணாமல் விடுகிறது. பணமும் பெரிய தடையில்லை: சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் செலவை 2021இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் பெருமளவு ஏற்கிறது. பயிற்சியாளரின் பதிவேட்டில் இப்போதைக்கு ஒரு பத்தி கூடினால் போதும்: அடிபட்ட நேரம், ஓட்டம் திரும்பிய நேரம், திருப்பியது யார்.