வருந்தி அழைக்க வந்த அரியணை

ரோமானவ் அரியணை பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி 1917 மார்ச் 3 அன்று காலமானது. அப்போது அதற்கு வயது 304. பிறந்ததும் வளர்ந்ததும் கோட்டைகளிலும் அரண்மனைகளிலும் என்றாலும், உயிர் பிரிந்தது பெத்ரோகிராத் நகரின் மில்லியோன்னயா தெருவில் 12-ஆம் எண் வீட்டின் ஒரு குடியிருப்பில். உலகின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை ஆண்ட ஒன்று ஒரே வாரத்தில் விழுந்து, மண்ணும் ஆகிவிட்டது. அதைக் காக்க வாளெடுக்க முன்வந்த தளபதிகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். எவ்வளவு பெரிய வாழ்வு வாழ்ந்தாலும் கடைசியில் தூக்க நாலு பேர் வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அந்த நாலு பேர் அதற்கு வாய்க்கவில்லை.

ஜார் வீழ்ந்த சேதி கேட்டுப் பாரதி எழுதிய ‘புதிய ருஷியா’வைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பாட்டின் மகிழ்ச்சி பொய்யன்று. சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர்களும் சாட்டையடி பட்ட உழவர்களும் அதற்குச் சாட்சி. ஆனாலும் நம் ஒப்பாரியில் இறந்தவரின் குறை சொல்லி அழவும் இடமுண்டு. வைதுகொண்டே அழுகிற அந்த உரிமையோடுதான் இந்த மூத்த உயிரின் கதையைச் சொல்ல வேண்டும்.

அது தானாக வந்து ஏறி உட்கார்ந்த அரியணை அல்ல. 1598-இல் பழைய ரூரிக் மரபு வாரிசின்றி முடிந்த பிறகு, பஞ்சமும் உள்நாட்டுப் போரும், இறந்துபோன இளவரசன் நான்தான் என்று ஒருவர்பின் ஒருவராக வந்த போலிகளும், கிரெம்ளினுக்குள்ளேயே வந்து தங்கிவிட்ட போலந்துப் படையுமாக நாடு பதினைந்து ஆண்டுகள் சீரழிந்தது. நீழ்னி நோவ்கராத் நகரத்து இறைச்சி வணிகர் மினினும் பொஜார்ஸ்கி கோமகனும் திரட்டிய மக்கள்படை 1612-இல் மாஸ்கோவை மீட்டது. மறு ஆண்டுத் தொடக்கத்தில் பிரபுக்களும் குருமாரும் நகரத்தாரும் கொசாக்குகளும் சேர்ந்த நாட்டுப் பேரவை கூடி, பதினாறு வயது மிகயீல் ரோமானவைத் தேர்ந்தது. கொஸ்த்ரோமாவில், வோல்கா ஆற்றின் அருகே இபாத்தியேவ் மடத்தில் தாயோடு ஒதுங்கியிருந்த பிள்ளை அவன். தந்தை போலந்தில் சிறையிருந்தார். துறவியாக்கப்பட்டிருந்த தாய் மார்ஃபா, ஜார்களை ரஷ்யர்கள் என்ன பாடு படுத்தினார்கள் என்று கண்ணால் கண்டவர். என் மகனை விட்டுவிடுங்கள் என்று அழுதார். வந்தவர்கள் திருவுருவப் படங்களை ஏந்தி நின்று மன்றாடினார்கள். கடைசியில்தான் அவர் இசைந்தார்.

இந்தப் பிறப்பை நாம் மறக்கக் கூடாது என்பதே என் எண்ணம். ஊர் கூடி வருந்தி அழைக்க வந்தது இது. முதல் பத்தாண்டில் மிகயீல் அந்தப் பேரவையை ஏறக்குறைய அருகிலேயே வைத்துக்கொண்டு ஆண்டார். வரி போடவும் போர் தொடுக்கவும் அதைக் கலந்துகொண்டார். அவர் மகன் அலெக்சேய் காலத்தில், 1653-க்குப் பின், முழுப் பேரவை கூட்டப்படவே இல்லை. யாரும் அதை ஒழித்ததாக அறிவிக்கவில்லை, அழைப்பு மட்டும் நின்றுபோயிற்று. அழைத்தவர்களின் குரல் அரியணையின் காதில் விழாமல் போனது அப்போது தொடங்கியது. அந்தச் செவிட்டுத்தன்மை கடைசிவரை நீங்கவில்லை.

நடுவயதில் அது செய்த தொண்டை யார் மறுக்க முடியும்? மகா பீட்டர் 1703-இல் சதுப்பில் பீட்டர்ஸ்பர்க் நகரை, பின்னாளைய பெத்ரோகிராத்தை, எழுப்பியபோது செத்த கூலியாள்களை நினைத்து மனம் வருந்தினாலும், அதே மனிதர் 1724-இல் அறிவியல் கழகத்துக்கு ஆணையிட்டதையும், அவர் மகள் எலிசபெத் காலத்தில், 1755-இல், மாஸ்கோப் பல்கலைக்கழகம் எழுந்ததையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. இரண்டாம் காத்தரீன் பெண்பிள்ளைகளுக்கென்று ஸ்மோல்னியில் கல்விக்கூடம் திறந்தார். பெரியம்மைக்கு ஊரே நடுங்கிய 1768-இல், இங்கிலாந்திலிருந்து மருத்துவரை வரவழைத்து, குடிகளுக்கு அச்சம் தெளிய வேண்டும் என்று முதலில் தன் கையிலேயே அம்மைப்பால் வைத்துக்கொண்டார். அவர் சேர்த்த ஓவியங்களை ஊராரும் பார்க்கட்டும் என்று முதலாம் நிக்கலாய் 1852-இல் ஹெர்மிட்டேஜின் கதவைத் திறந்தார். சைக்கோவ்ஸ்கி கவலையின்றி இசை எழுத மூன்றாம் அலெக்சாந்தர் ஆண்டுக்கு 3,000 ரூபிள் உதவித்தொகை தந்தார். பாலே என்று உலகம் இன்று வியக்கிற கலை அரசவையின் நாடக அரங்குகளில், அரசவையின் பணத்தில் வளர்ந்தது.

1861 பிப்ரவரி 19 எல்லாவற்றிலும் பெரிய நாள். இரண்டாம் அலெக்சாந்தர் ஒரே கையெழுத்தில் பிரபுக்களின் நிலத்தில் கட்டுண்டு கிடந்த 2 கோடிக்கு மேற்பட்ட பண்ணையடிமைகளை விடுவித்தார். அடிமைத்தளையை இறுக்கியதும் இதே அரியணைதான். நிலத்துக்கு ஈடாக 49 ஆண்டுத் தவணையை உழவர் தலையில் ஏற்றி விடுதலையைக் குறைப்படுத்தியதும் அதுவே. ஆயினும் அமெரிக்காவில் உள்நாட்டுப் போருக்குப் பின்பே கிடைத்தது ரஷ்யாவில் போரின்றிக் கிடைத்தது. நான்கு ஆண்டுக்குள் நடுவர்குழுவோடு கூடிய நீதிமன்றங்களும், ஜெம்ஸ்த்வோ என்ற ஊராட்சி மன்றங்களும் வந்தன. சிற்றூர்களில் பள்ளியும் மருத்துவமனையும் கட்டியவை அவை. செகாவ் 1892-இல் காலரா பரவியபோது மேலிகொவோவைச் சுற்றியிருந்த ஊர்களுக்கெல்லாம் சென்று மருத்துவம் பார்த்தது ஜெம்ஸ்த்வோ மருத்துவராகத்தான்.

இரண்டாம் அலெக்சாந்தர் இன்னும் ஒரு படி ஏறியிருந்தார். 1881 மார்ச் 1, ஞாயிறு காலை, தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளைச் சட்ட வேலையில் கலந்துகொள்ளச் சேர்க்கும் அமைச்சர் லோரிஸ்-மேலிகவின் திட்டத்துக்கு ஒப்புதல் தந்துவிட்டு அணிவகுப்பைப் பார்க்கப் போனார். இரு நூற்றாண்டுக்கு மேல் நின்றுபோயிருந்த அழைப்பு மெல்லிய குரலிலாவது மறுபடி எழவிருந்தது. திரும்பும் வழியில், காத்தரீன் வாய்க்கால் கரையில் புரட்சியாளர்கள் வீசிய முதல் குண்டு வண்டியை உடைத்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அடிபட்டவர்களைப் பார்க்க இறங்கினார். இரண்டாவது குண்டு அவர் காலடியில் விழுந்தது. அடிபட்டவர்களைப் பார்க்க இறங்காமல் போயிருந்தால் பிழைத்திருப்பார் என்பதை எத்தனை முறை நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது. குளிர்கால அரண்மனையில் அவர் உயிர் அடங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களில் பன்னிரண்டு வயதுப் பேரன் நிக்கலாயும் ஒருவன். அந்தத் திட்டத்தை மகன் மூன்றாம் அலெக்சாந்தர் கிடப்பில் போட்டார். தந்தையைக் கொன்றவர்கள் மீதிருந்த சினத்தை, கொல்லாத கோடிப்பேர் மீதும் காட்டிய முடிவு அது. அரியணையின் நோய் அன்றைக்கே உள்ளே இறங்கிவிட்டது என்பேன்.

பேரன் நிக்கலாயைக் கொடியவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இளவரசராக இந்தியாவையும் இலங்கையையும் பார்த்துவிட்டு, ஜப்பானில் வாள்வெட்டுப்பட்டு உயிர் தப்பி, 1891-இல் விளாதிவஸ்தோக்கில் இறங்கி சைபீரிய இருப்புப்பாதைக்குக் கால்கோள் விழா நடத்தியவர். படைக்கலன்களைக் குறையுங்கள் என்று 1898-இல் உலக நாடுகளை அழைத்து, மறு ஆண்டு ஹேக் அமைதி மாநாடு கூட வழிசெய்தவர். நல்ல கணவர், நல்ல தகப்பன். ஆனால் 1895 தொடக்கத்தில், நாட்டு நிர்வாகத்தில் எங்களுக்கும் ஓர் இடம் வேண்டும் என்ற ஆசையோடு வந்த ஜெம்ஸ்த்வோ பிரதிநிதிகளிடம், அவை அர்த்தமற்ற கனவுகள் என்று சொல்லி அனுப்பினார். முடிசூட்டு விழாப் பரிசு வாங்க 1896-இல் கொதீன்கா திடலில் கூடிய கூட்டத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மிதிபட்டுச் செத்த இரவில், பிரெஞ்சுத் தூதரின் விருந்துக்குப் போனார். போக விருப்பமில்லாமல் போனார் என்கிறார்கள், போனாரே.

1905 ஜனவரி 9 அன்று திருவுருவங்களையும் ஜாரின் படத்தையும் தூக்கிக்கொண்டு, கப்போன் பாதிரியார் முன்னே நடக்க, தொழிலாளர் குடும்பத்தோடு குளிர்கால அரண்மனையை நோக்கி வந்தார்கள். 1613-இல் திருவுருவங்களோடு வந்தவர்கள் வா என்று மன்றாடினார்கள். இவர்கள் கேள் என்று மன்றாட வந்தவர்கள். அரசர் அரண்மனையில் இல்லை. படை சுட்டது, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த ஆண்டின் கிளர்ச்சிகளுக்குப் பணிந்து அக்டோபரில் உரிமைகள் தந்து, டூமா என்ற மன்றத்தையும் 1906-இல் கூட்டிய அரியணை, மூன்று மாதம் முடியுமுன் அதைக் கலைத்தது. இரண்டாவது டூமாவையும் கலைத்து, ஏழைகளின் வாக்கு எடை குறையும்படி தேர்தல் சட்டத்தையே மாற்றியது. தோள் கொடுக்க வந்தவர்களை ஒவ்வொருவராகத் தள்ளிவிட்டுச் சுமையைத் தானே சுமந்தது.

1913-இல் முந்நூறாம் ஆண்டு விழா. அரச குடும்பம் கப்பலில் கொஸ்த்ரோமா வந்து, மிகயீலை அழைத்த அதே மடத்தில் வழிபட்டது; கப்பலைக் காண மக்கள் வோல்காவின் நீரில் இறங்கி நின்றார்களாம். மாஸ்கோவில் பட்டத்து இளவரசன் அலெக்சேயை ஒரு கொசாக் வீரர் தூக்கிக்கொண்டு நடந்தார். இரத்தம் உறையாத நோய் அந்த எட்டு வயதுப் பிள்ளைக்கு. நாட்டுக்குச் சொல்லாமல் மறைத்துவைத்திருந்தார்கள். பிள்ளையின் வலியைச் சாமியார் ரஸ்புத்தீன் தணிப்பார் என்று ஒரு தாய் நம்பியதில் குற்றம் காண நம்மால் ஆகாது. காரணம் தெரியாத நாடு, அரசியின் அருகில் அந்த மனிதரைப் பார்த்துக் காறி உமிழ்ந்தது.

பிறகு முதல் உலகப் போர். 1915-இல் நிக்கலாய் தானே தலைமைத் தளபதி பொறுப்பேற்று மொகிலேவுக்குப் போனார். அதன்பின் ஒவ்வொரு தோல்வியும் அரியணையின் பெயரில் எழுதப்பட்டது. 1917 பிப்ரவரி 23, உழைக்கும் மகளிர் நாள், ரொட்டிக்கு வரிசையில் நின்று சலித்த பெத்ரோகிராத் நெசவாலைப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். ஐந்தாம் நாள், கூட்டத்தைச் சுடப் பணிக்கப்பட்டிருந்த வொலின்ஸ்கி படைப்பிரிவு கூட்டத்தோடு சேர்ந்துவிட்டது. தலைநகர் திரும்பப் புறப்பட்ட அரசரின் ரயிலுக்குப் பாதை அடைபட்டு, அது பிஸ்கோவ் போய் நின்றது. அங்கே தளபதிகளின் தந்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முடிதுறக்குமாறு மண்டியிட்டு வேண்டுகிறேன் என்று எழுதியவர் அவருடைய சித்தப்பா முறையான கோமகன் நிக்கலாய் நிக்கலாயெவிச். முதலில் மகனுக்கு விட்டுக்கொடுக்க இசைந்தவர், மருத்துவர் ஃபியோதரவைத் தனியே அழைத்து, பிள்ளையின் நோய் தீருமா என்று கேட்டார். தீராது என்றார் அவர். மார்ச் 2 இரவு, மகனுக்கும் சேர்த்து முடிதுறந்து, தம்பி மிகயீலுக்கு அரியணையை எழுதிவைத்தார். மகன் சார்பில் துறக்கச் சட்டம் இடம் தரவில்லை; அந்தக் கையெழுத்தைப் போட்டது அரசர் அல்ல, தகப்பன்.

தம்பியை யாரும் கேட்கவில்லை. மறுநாள் மில்லியோன்னயா தெரு வீட்டில் புதிய அமைச்சர்களும் டூமா தலைவர் ரோட்சியன்கோவும் அவரைச் சூழ்ந்து உட்கார்ந்தார்கள். ஏற்கச் சொன்னவர்கள் மில்யுகோவும் குச்கோவும் மட்டுமே. பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளர் நபோகவின் தந்தை, அந்த வீட்டுச் சிறுமியின் பள்ளி மேசையில் உட்கார்ந்து எழுதித் தந்த அறிக்கையில் மிகயீல் கையொப்பமிட்டார்: எல்லா மக்களும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அரசியல் நிர்ணய மன்றம் அழைத்தால் மட்டுமே இந்தப் பொறுப்பை ஏற்பேன். ஒரு மிகயீலைப் பேரவை அழைக்கப் பிறந்த அரியணை, கடைசி மூச்சில் இன்னொரு மிகயீலின் வாயால் அதே பேரவையைக் கேட்டது. முந்நூறு ஆண்டில் அது சொன்ன மிக நேர்மையான சொல் இதுவென்று நான் நம்புகிறேன். நூறு ஆண்டு முன்னே, ஐம்பது ஆண்டு முன்னே, 1881-இலாவது சொல்லியிருக்கலாகாதா?

அரசகுடும்பத்தின் பின்னாட்கள் நாம் அறிந்தவை. ஜார்ஸ்கோயே செலோவில் காவலில் காய்கறித் தோட்டம் போட்டார்கள், விறகு வெட்டினார்கள். அடைக்கலம் தருவதாகச் சொன்ன இங்கிலாந்து பின்வாங்கியது. தபோல்ஸ்க், பிறகு எகத்தரின்பூர்க். அங்கே அவர்களை அடைத்த வீட்டின் உரிமையாளர் பெயரும் இபாத்தியேவ். 1918 ஜூலை 16 நள்ளிரவுக்குப் பின் நிலவறையில் எழுவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், ஐந்து பிள்ளைகளும் அடக்கம். எந்த அரசியலும் அதற்கு நியாயம் ஆகாது. மருத்துவர் போத்கின், பணிப்பெண் தெமிதவா, சமையல்காரர் கரித்தோனவ், ஏவலர் த்ருப் ஆகிய நால்வரும் உடன் மாண்டார்கள். விட்டுப் போக விரும்பாமல் அந்தக் குடும்பத்தோடேயே வந்தவர்கள் இவர்கள். 1998-இல் பீட்டர்ஸ்பர்க் கோட்டைக் கோயிலில் நல்லடக்கம் நடந்தபோது இந்த நால்வருக்கும் அங்கேயே இடம் கொடுத்தார்கள்.

மிகயீல் கேட்ட மன்றம் கூடத்தான் செய்தது. 4 கோடிக்கு மேற்பட்டோர் வாக்களித்து அமைந்த அது, 1918 ஜனவரி 5 அன்று தவ்ரீதா அரண்மனையில் உட்கார்ந்து, விடியுமுன் காவல் மாலுமிகளால் வெளியேற்றப்பட்டது. வெளியேறுவதற்குச் சற்று முன் ரஷ்யா ஒரு கூட்டாட்சிக் குடியரசு என்று அறிவித்தது. அவர் கேட்டதற்கு மக்களின் மறுமொழி அதுதான். அவரும் அந்த அரியணையைப் பின்னர் கோரவில்லை. அந்த ஆண்டு ஜூனில் பேர்ம் நகருக்கு வெளியே, செயலாளரோடு சேர்த்து அவரைச் சுட்டார்கள். அண்ணனின் குடும்பத்துக்குக் கிடைத்த கல்லறை அவருக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. உடல் அகப்படவே இல்லை.