மின்தொடுமுனைக் கழிவு வெள்ளி

மின்தொடுமுனைக் கழிவு வெள்ளி என்பது பழைய ரிலே, காண்டாக்டர், சர்க்யூட் பிரேக்கர் ஆகியவற்றில் மின்சுற்றை இணைத்தும் துண்டித்தும் வந்த சிறு உலோகப் பொத்தான்களிலிருந்து பிரித்தெடுக்கப்படும் வெள்ளியாகும். மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும் உலோகம் வெள்ளியே எனினும், தீப்பொறியால் தேய்ந்தும் ஒட்டிக்கொண்டும் போகாதிருக்க அதனுடன் நிக்கல், காட்மியம் ஆக்சைடு, வெள்ளீய ஆக்சைடு, டங்ஸ்டன் போன்றவை சேர்க்கப்படுகின்றன. முதல் மூன்று வகைகளில் வெள்ளி பெரும்பாலும் 85 முதல் 90 விழுக்காடு வரை இருக்க, டங்ஸ்டன் கலந்தவற்றில் அது பாதிக்கும் கீழே இறங்கக்கூடும்.

பொத்தான்கள் செம்பு அல்லது பித்தளைத் தகட்டில் பற்றவைக்கப்பட்டிருப்பதால், மொத்த எடையைக் கொண்டு மதிப்பிடுவது தவறாகும். 100 கிராம் துண்டுகளில் 90 விழுக்காட்டு வெள்ளிப் பொத்தான்கள் 40 கிராமே எனில், கிடைக்கக்கூடிய வெள்ளி 36 கிராம்தான். எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி மேற்பரப்பை மட்டுமே அளப்பதால், வெள்ளி முலாம் பூசிய துண்டும் அதில் உயர்தரமாகத் தோன்றும். எனவே பெருந்தொகுதிகளை உருக்கி, கலக்கி, மாதிரி எடுத்து, நைட்ரிக் அமிலத்தில் கரைத்துத் தரம்பார்ப்பதே நம்பகமானது. சுத்திகரிப்பாளர் அத்தரத்தை எடையாலும் சந்தை விலையாலும் பெருக்கி, தம் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு பணம் தருகிறார்.

காட்மியம் கலந்த பொத்தான்களைச் சூடாக்கினால் எழும் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் நஞ்சாதலால், அவற்றை வீட்டில் உருக்காது, அதற்குரிய ஏற்பாடுள்ள ஆலையிடம் பிரித்தபடியே ஒப்படைத்தல் இன்றியமையாதது.