மடை திறந்து, கடல் தாண்டி

ஏரிக்கரையில் பிறந்த தொடர் அது. மதகைத் தூக்கியதும் அடைபட்டுக் கிடந்த தண்ணீர் வாய்க்காலில் பாய்கிற வேகத்தைக் கண்டவர்கள், மூச்சுவிடாமல் பேசுகிறவனுக்கு அதையே பட்டமாகக் கொடுத்தார்கள். மேடைப் பேச்சாளரை அறிமுகம் செய்கிறவர்கள் 'மடை திறந்த வெள்ளம்' என்று சொல்லிச் சொல்லி அதை மொண்ணையாக்கியது தனிக்கதை.

மலாயாவுக்குப் பால்மரம் வெட்டப் போனவர்களோடு இந்தத் தொடரும் கப்பலேறியிருக்கும். கங்காணிகள் திரட்டிப்போன கூட்டத்தில் ஏரியையும் ஆற்றையும் நம்பிப் பயிர்செய்த ஊர்க்காரர்கள் ஏராளம். தோட்டத்தில் மடை ஏது? பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் சொட்டுச் சொட்டாகப் பால் வடிந்ததுதான் மிச்சம்.

பாட்டில் அது நிலைபெற்றது 1980இல். பாரதிராஜாவின் 'நிழல்கள்' அந்தத் தீபாவளிக்கு வந்து தோற்றுப்போனது, பாட்டுகள் தப்பித்தன. இளையராஜா மெட்டு, எஸ்.பி.பாலசுப்ரமணியம் குரல். வாய்ப்புத் தேடும் இசைக்காரனாகச் சந்திரசேகர். 'மடை திறந்து' என்று எடுத்துக்கொடுத்தவர் வாலி. திருவரங்கத்துக்காரர், காவிரித் தண்ணீர் பார்த்து வளர்ந்தவருக்கு மடையைத் தேடிப்போக வேண்டியதில்லை. அதே படத்தில்தான் வைரமுத்து அறிமுகமானார் என்பதால், இந்தப் பாட்டையும் அவர் கணக்கில் எழுதிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வானொலியிலும் கேசட்டிலும் பாட்டு மலேசியாவுக்கு வந்தது. கால்நூற்றாண்டு கழித்து, 2006இல், யோகி பி & நட்சத்திரா குழுவின் 'வல்லவன்' ஆல்பத்தில் அது வேறு உடம்போடு எழுந்தது. யோகி பி அதற்கு முன் 'பொயட்டிக் அம்மோ' என்ற மலேசிய ராப் குழுவில் இருந்தவர். அவரோடு டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் இருவரும் சேர்ந்து பழைய பல்லவியைப் பிடித்துக்கொண்டு, நடுவில் தங்கள் சொற்களை அவிழ்த்துவிட்டார்கள். பழைய பாட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்று முகம் சுளித்தவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1980 பாட்டில் பொங்குவது மெட்டு. சொற்கள் அதன்மேல் சுகமாக மிதந்து வரும். ராப்பில் பொங்குவது பேச்சு. அடுக்கடுக்கான எதுகைகள், மூச்சு வாங்க இடமில்லாத வரிகள். ஊரில் அந்தத் தொடரை எதற்குச் சொன்னார்களோ, அந்த வேலையை ராப்தான் செய்தது.

கோலாலம்பூரில் பிடித்த பாட்டு எவ்வளவு தூரம் போனது என்பதற்கு மெர்சிங் நல்ல அளவுகோல். ஜொகூரின் கிழக்குக் கரையில் மீன்பிடி ஊர். தமிழர் கூட்டம் பெரிதில்லை. தியோமான் தீவுக்குப் போகிறவர்கள் பலரும் இங்கேதான் படகேறுவார்கள். ஆற்று முகத்துவாரம் ஆழமில்லாததால் ஓதம் ஏறும்வரை படகு நகராது. தண்ணீருக்காகக் காத்திருக்கும் நேரத்தில், விடுமுறைக்கு வந்த நம் பையன்கள் கார்க்கதவைத் திறந்துவைத்துப் போடுகிற பாட்டுகளில் இதுவும் உண்டு. அவர்களில் பலருக்கு அசல் என்றால் யோகி பிதான். 1980 பாட்டைப் போட்டுக் காட்டினால், "இது நல்லா ஸ்லோவா பண்ணியிருக்காங்கலா" என்பார்கள். கடலைப் பார்த்துக்கொண்டு 'மடை'க்குப் பொருள் கேட்டால் தோளைக் குலுக்குவார்கள். பாட்டுக்கு அதனால் ஒரு குறையும் வந்துவிடவில்லை.

இதற்குள் சென்னை காதுகொடுத்துவிட்டது. 2007இல் வெற்றிமாறனின் முதல் படமான 'பொல்லாதவன்', 1979இன் 'நினைத்தாலே இனிக்கும்' படத்துப் பாட்டொன்றைப் புதுப்பித்தபோது அதில் யோகி பியின் குரல் வந்தது. பழைய பாட்டுக்குள் ராப் நுழைகிற வித்தைக்கு அவரைத்தான் கூப்பிட வேண்டும் என்றாகியிருந்தது. 2012இல் 'ஹிப் ஹாப் தமிழன்' ஆல்பத்தோடு வந்த ஆதி, தனக்கு முன்னோடி என்று கைகாட்டுவதும் இந்த மலேசியாக்காரரைத்தான். 2017இல் 'விவேகம்' படத்தின் 'சர்வைவா' பாட்டில் அனிருத்தோடு யோகி பி பாடினார். இந்தமுறை பழைய பல்லவி எதையும் அவர் கடன் வாங்கவில்லை.