கடல்நீர் மீன்தொட்டி: மணல் படுகையைப் பராமரிப்பதும் புதுப்பிப்பதும்

கடல் வண்ணமீன் வளர்ப்பவர்கள் பலர் கேட்கும் கேள்வி இது: “தொட்டி நன்றாகத்தான் இருந்தது. மணலைச் சுத்தம் செய்த மறுநாள் மீன்கள் செத்து மிதக்கின்றன. தண்ணீரில் என்ன கோளாறு?” பெரும்பாலும் கோளாறு, மணலைக் கிளறிய முறையில்தான் இருக்கிறது. வயல் மண்ணைப் போலவே தொட்டி மணலும் உயிருள்ளது. அதை ஒரே நாளில் முழுவதும் கிளறுவதும், ஒரே நாளில் முழுவதும் மாற்றுவதும் மீன்களுக்கு ஆபத்து.

மணலுக்குள் என்ன நடக்கிறது?

மீனின் கழிவிலிருந்தும், தின்னாமல் விட்ட தீவனத்திலிருந்தும் அமோனியா உண்டாகிறது. மணலின் மேலடுக்கில், ஆக்சிஜன் உள்ள இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. சற்று ஆழத்தில், ஆக்சிஜன் குறைந்த இடத்தில் வேறு வகை பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. தண்ணீர் தேங்கிய நெல் வயலில் தழைச்சத்து வாயுவாகி வீணாவதும் இதே செயல்தான். வயலில் அது நட்டம், தொட்டியில் லாபம்.

ஆனால் ஆக்சிஜனே எட்டாத அடிமணலில் கழிவு சேர்ந்தால் நிலைமை வேறு. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 2.7 கிராம் சல்பேட் உள்ளது. அங்குள்ள பாக்டீரியாக்கள் இந்த சல்பேட்டைப் பயன்படுத்தி ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்குகின்றன. மணல் கறுத்து, அழுகிய முட்டை வாடை வீசுவது இதனால்தான். இந்த வாயு மணலுக்குள் அடங்கியிருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. கிளறி விட்டால் மீன்களுக்குக் கடும் நஞ்சு.

எவ்வளவு ஆழம்?

• சாதாரண வளர்ப்புக்கு 2.5 முதல் 5 செ.மீ. ஆழம் போதும். சுத்தம் செய்வது எளிது.
• நைட்ரேட்டைக் குறைப்பதற்காகச் சிலர் 10 முதல் 15 செ.மீ. ஆழம் போடுகிறார்கள். இதற்கு நுண்மணலும் பொறுமையும் தேவை. புதிதாகத் தொடங்குபவர்கள் தவிர்ப்பது நல்லது.
• குஞ்சு வளர்ப்புத் தொட்டி, நோயுற்ற மீனைத் தனிமைப்படுத்தும் தொட்டி ஆகியவற்றில் மணலே வேண்டாம். வெறும் தரையாக இருந்தால் கழிவை அன்றன்றே உறிஞ்சி எடுக்கலாம்.

எந்த மணல்?

கால்சியம் கார்பனேட்டால் ஆன அராகோனைட் மணல் சிறந்தது. 1 முதல் 2 மி.மீ. அளவுள்ள மணி, ஆழம் குறைந்த படுகைக்கு ஏற்றது. வாங்கும் மணல் சரியானதா என்று பார்க்க, ஒரு கரண்டி மணலில் சில துளி வினிகர் விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்பு மணல். நுரைக்காவிட்டால் ஆற்று மணலாகவோ குவார்ட்ஸ் மணலாகவோ இருக்கலாம்.

கடற்கரை மணலை அள்ளிவந்து போட வேண்டாம். அதில் எண்ணெய்க் கசிவு, சாக்கடைக் கழிவு, காந்தத்தில் ஒட்டும் கருமணல் கலந்திருக்கலாம். பவளப்பாறைகள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் கீழ் பாதுகாக்கப்பட்டவை. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுப் பகுதிகளிலிருந்து பவளத் துண்டுகளை எடுப்பது குற்றம்.

வழக்கமான பராமரிப்பு

1. தீவனத்தை இரண்டு, மூன்று நிமிடங்களில் மீன்கள் தின்று முடிக்கும் அளவே போடவும். படுகை கெடுவதற்கு முதல் காரணம் மிகுதித் தீவனம்.
2. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 10 முதல் 20 சதவீதம் தண்ணீர் மாற்றவும். புதுத் தண்ணீரின் உப்புத்தன்மையும் வெப்பநிலையும் தொட்டியோடு ஒத்திருக்க வேண்டும்.
3. அப்போது சைஃபன் குழாயால் படுகையின் கால் பகுதியை மட்டும் சுத்தம் செய்யவும். அடுத்த முறை அடுத்த கால் பகுதி. இப்படி எட்டு வாரத்தில் ஒரு சுற்று முடியும். மீதி முக்கால் பகுதியில் உள்ள பாக்டீரியாக்கள் வேலையைத் தொடரும்.
4. ஆழப் படுகையில் மேல் 1 செ.மீ. மட்டும் உறிஞ்சவும். அடியைத் தொடக் கூடாது.
5. மணல் மீது சிவப்புப் படலம் படர்ந்தால் அதை உறிஞ்சி எடுத்து, தீவனத்தைக் குறைத்து, அந்த மூலைக்கு நீரோட்டம் கிடைக்கும்படி பம்பைத் திருப்பி வைக்கவும்.

மணலைக் கிளறும் உதவியாளர்கள்

நசாரியஸ் நத்தைகள் மணலுக்குள் புதைந்து வாழ்ந்து, எஞ்சிய தீவனத்தைத் தின்னும். சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டும் உதவும். மணலைச் சலித்துத் தின்னும் கோபி மீன்களை, போதிய இரை உள்ள பெரிய தொட்டியில் மட்டுமே விட வேண்டும். வெளிநாட்டு நூல்களில் கடல் அட்டையைப் பரிந்துரைப்பார்கள். நம் நாட்டில் கடல் அட்டையைப் பிடிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம். யார் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

படுகையைப் புதுப்பிக்கும் முறை

உறிஞ்சும்போது சிறிது மணல் வெளியேறுவதால் படுகை நாளடைவில் மெலியும். தேவையான அளவைக் கணக்கிடுவது எளிது. 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் 1 செ.மீ. உயர்த்த சுமார் 4 லிட்டர், அதாவது ஏறக்குறைய 6 கிலோ மணல் வேண்டும். 

• புது மணலை நல்ல தண்ணீரில் கலங்கல் நீங்கும்வரை அலசி, கடைசியாக உப்புநீரில் ஒருமுறை அலசவும்.
• பம்புகளை நிறுத்தி, பி.வி.சி. குழாய் வழியாக மணலைத் தரைக்கு இறக்கவும். அரை மணி நேரம் கழித்துப் பம்புகளை இயக்கவும். 
• ஒரு தடவைக்குக் கால் பகுதிக்கு மேல் போட வேண்டாம். பழைய மணலின் மேல் கனமாகக் கொட்டினால் கீழுள்ள உயிர்கள் மூச்சுமுட்டிச் சாகும்.
• மறுநாளும் மூன்றாம் நாளும் அமோனியா, நைட்ரைட் அளவைச் சோதிக்கவும். இரண்டும் பூஜ்யமாக இருந்தால் மட்டும், இரண்டு வாரம் கழித்து அடுத்த பகுதிக்குச் செல்லவும்.

மின்தடை அறிவிக்கப்பட்ட நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். கிளறிய மணல் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை வேகமாக இழுக்கும். காற்றுப் பம்பும் நின்றால் மீன்கள் தாங்காது.

படுகை முழுவதும் கறுத்துவிட்டால்

கண்ணாடியோரம் சிறு கறுப்புத் திட்டுகள் தெரிந்தால் பதற வேண்டாம். அவற்றைக் குத்திக் கிளறவும் வேண்டாம். படுகை முழுவதும் கறுத்து, வாடையும் வந்தால் மீன்களையும் பாறைகளையும் காற்றோட்டமுள்ள வேறு தொட்டிக்கு மாற்றிய பிறகே மணலை அகற்ற வேண்டும். பழைய மணலைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. புது மணல் போட்ட பிறகு அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நிலைக்கும்வரை காத்திருந்து மீன்களை விடவும்.

தவறுதலாகப் படுகை கிளறப்பட்டு மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து மூச்சு வாங்கினால், உடனே மீன்களைத் தயாராக உள்ள வேறு உப்புநீருக்கு மாற்றி, காற்றூட்டவும். பிறகு தொட்டித் தண்ணீரில் பாதியை மாற்றி, வடிகட்டியில் கிளர்வூட்டப்பட்ட கரி வைக்கவும். இதற்காகவே தொட்டிக் கொள்ளளவில் பாதி அளவு உப்புநீரை எப்போதும் கைவசம் வைத்திருப்பது நல்லது. 35 பி.பி.டி. உப்புத்தன்மையில் மூடிய டிரம்மில் வைத்தால் அவசரத்துக்குக் கைகொடுக்கும்.