ரங்கூன் வீதிகள்: லத்தா – கசடைப் படித்த பொறியாளர்

லத்தாவில் ஸ்ட்ராண்ட் சாலையோரம் நிற்கும் கெங் ஹொக் கியோங் கோயில் ஹொக்கியன் சீனர்கள் எழுப்பியது. சற்று வடக்கே மகா பண்டூலா சாலையில் இருக்கும் குவான்யின் கோயில் குவாங்டங்காரர்களுடையது. இரு கூட்டத்தாரும் நம்மவர்களைப் போலவே கப்பலேறி வந்தவர்கள். ஆனால் பர்மாவுக்கு வந்த சீனர்கள் எல்லாரும் கடல்வழி வந்தவர்கள் அல்லர். யுன்னானிலிருந்து கோவேறு கழுதைகளை ஓட்டிக்கொண்டு மலைகளைத் தாண்டி வந்த இன்னொரு கூட்டம் உண்டு. அவர்கள் ஷான் மலைகளில் கொட்டிவிட்டுப் போன கசடுதான் ஓர் அமெரிக்கச் சுரங்கப் பொறியாளரின் பெருஞ்செல்வத்துக்கு அடித்தளமானது. அவர் பின்னாளில் அமெரிக்காவின் 31-வது ஜனாதிபதியான ஹெர்பர்ட் ஹூவர்.

லாஷியோவுக்கு வடமேற்கே, நம்டுவை ஒட்டிய மலையில் இருக்கிறது பாட்வின். அங்கே 1412-ம் ஆண்டு முதல் சீனர்கள் வெள்ளி எடுத்ததாகக் குறிப்புகள் சொல்கின்றன. அங்குள்ள தாதுவில் காரீயம், துத்தநாகம், வெள்ளி மூன்றும் கலந்திருந்தன. சீனர்கள் தாதுவை உடைத்து, கரி உலையில் உருக்குவார்கள். வெள்ளி கலந்த காரீயம் அடியில் இறங்கும். கசடு மேலே மிதக்கும். அந்தக் காரீயத்தை மறுபடி திறந்த உலையில் வைத்துக் காற்றை ஊதினால், காரீயம் காற்றோடு சேர்ந்து மஞ்சள் நிற மிருதாரசிங்கியாகப் பிரிந்துபோகும். கடைசியில் உலையின் குழியில் ஒரு வெள்ளிக்கட்டி மட்டும் மின்னிக்கொண்டு நிற்கும். நம் ஊர்ப் பொற்கொல்லர் வெள்ளியைப் புடம் போட்டுச் சுத்தம் செய்வதும் இதே முறையில்தான்.

கழுதை முதுகில் வாரக்கணக்கில் சுமந்துபோக வெள்ளி கட்டுபடியாகும். காரீயம் கட்டுபடியாகாது. அதனால் உலையில் தங்கிய காரீயத்தைக் கசடோடு சேர்த்து மலைச்சரிவில் கொட்டினார்கள். நானூற்றைம்பது ஆண்டுகளில் அது குன்றாக வளர்ந்தது. 1856-ல் யுன்னானில் முஸ்லிம்கள் சீன அரசை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார்கள். அந்தக் கலவரத்தில் பாதைகள் அடைபட, 1868 வாக்கில் பாட்வின் கைவிடப்பட்டது. சுரங்க வாய்களைக் காடு மூடியது.

ஹூவர் 1874-ல் ஐயோவா மாநிலத்தின் வெஸ்ட் பிராஞ்ச் என்ற சிற்றூரில் பிறந்தார். பத்து வயதுக்குள் தாய், தந்தை இருவரையும் இழந்தார். புதிதாகத் தொடங்கிய ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் முதல் அணி மாணவராக நிலவியல் படித்து, 1895-ல் வெளியே வந்தார். கிடைத்த முதல் வேலை, கலிஃபோர்னியாவின் நெவாடா சிட்டியில் தங்கச் சுரங்கத்துக்குள் தாது வண்டி தள்ளுவது. 1897-ல் பெவிக் மோரிங் என்ற லண்டன் நிறுவனம் அவரை மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. அடுத்தது சீனா. 1900-ல் பாக்ஸர் கிளர்ச்சியின்போது மனைவி லூ ஹென்றியோடு முற்றுகையிடப்பட்ட தியான்ஜினில் சிக்கித் தப்பினார்.

ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில்லில் அவர் கவனித்தது சுரங்கத்தை மட்டுமல்ல, சுரங்கத்துக்கு வெளியே கிடந்த குப்பையையும்தான். வெள்ளியும் காரீயமும் எடுத்தபின் கொட்டப்பட்ட பல லட்சம் டன் தூளில் துத்தநாகம் அப்படியே இருந்தது. பிரிக்க வழி தெரியாததால் யாரும் தொடவில்லை. அதற்காகவே 1905-ல் ஜிங்க் கார்ப்பரேஷன் தொடங்கப்பட்டபோது ஹூவர் முன்னின்றார். விடையாக வந்தது நுரைமிதப்பு முறை. அரைத்த தாதுவைத் தண்ணீரில் கலந்து, சிறிது எண்ணெய் விட்டு, காற்றைச் செலுத்திக் கலக்குவார்கள். உலோகத் தாதுத் துகள்கள் குமிழிகளில் ஒட்டிக்கொண்டு நுரையோடு மேலே வரும். வெறும் கல் அடியில் தங்கும். இது ஒருவர் கண்டுபிடித்ததல்ல; பலர் பல ஊர்களில் தட்டுத்தடுமாறி உருவாக்கியது. அதைப் பற்றி 1912-ல் தனி நூலே எழுதியவர் ஹூவரின் அண்ணன் தியடோர். இன்று உலகில் தாமிரமும் காரீயமும் துத்தநாகமும் பெரும்பாலும் இந்த நுரை வழியாகத்தான் வருகின்றன.

இந்தக் கண்ணோடுதான் ஹூவர் பாட்வினுக்கு வந்தார். பழைய சீனச் சுரங்கம் ஒன்றில் அவர் ஊர்ந்து போனபோது, தரையில் புலியின் காலடி புதிதாகப் பதிந்திருந்ததை அவரே தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். உள்ளே போயிருந்தது புலி. வந்த வழியே திரும்புவதைத் தவிர வேறு வழியில்லை. 1907-ல் மனைவியையும் இரண்டு மகன்களையும் பர்மாவுக்கு அழைத்து வந்தார். இளையவன் பிறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அந்தப் பயணத்தில் ஹூவரை மலேரியா பிடித்தது.

யுன்னான் கிளர்ச்சி ஓய்ந்த பிறகும் பாட்வின் கைவிடப்பட்டே கிடந்ததற்குக் காரணம், காரீயத்தை மலையிலிருந்து இறக்கப் பாதை இல்லாததே. 1900-ல் கோக்தெய்க் பள்ளத்தாக்கின் மேல் 102 மீட்டர் உயர இரும்புப் பாலம் எழுந்தது. மாண்டலே – லாஷியோ ரயில் வந்தது. அந்தப் பாதையில் நம்யாவ் என்ற இடத்திலிருந்து சுரங்கத்துக்கு இரண்டடி அகலத்தில் குட்டி ரயில் பாதையை ஹூவர் பங்கு வைத்திருந்த சுரங்கக் கம்பெனி போட்டது. முதலில் இறங்கியது தாது அல்ல, சீனர்களின் கசடு. 1909-ல் அதை மாண்டலேயில் உருக்கிக் காரீயம் எடுத்தார்கள். 1911-ல் உலை நம்டுவுக்கு மாறியது. பிறகு மலையடியிலிருந்து டைகர் டனல் என்ற நீண்ட அடிச்சுரங்கத்தைக் குடைந்து, பழைய சுரங்கங்களுக்குக் கீழே இருந்த தாதுவைத் தொட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகின் மிகப் பெரிய காரீய, வெள்ளிச் சுரங்கங்களில் ஒன்றாக பாட்வின் விளங்கியது. யுன்னான் சீனர்களோடு இந்தியரும் நேபாளியரும் அங்கே உழைத்தார்கள். ஹூவர் முதல் உலகப் போரின் கடைசியில் தம் பங்கை விற்று விலகினார். அவர் சேர்த்த செல்வத்தில் பெரும்பங்கு பாட்வின் தந்தது.

பர்மா வேலைகள் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், லண்டன் வீட்டில் கணவனும் மனைவியும் வேறொரு சுரங்கத்தைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அக்ரிகோலா என்ற ஜெர்மானிய மருத்துவர் லத்தீனில் எழுதி 1556-ல் வெளிவந்த ‘டி ரே மெட்டாலிகா’, சுரங்கத் தொழிலின் முதல் பெருநூல். லூ ஹென்றி ஸ்டான்ஃபோர்டில் நிலவியல் பட்டம் பெற்றவர், லத்தீனும் அறிந்தவர். அக்ரிகோலா எந்தப் பொருளைச் சொல்கிறார் என்பது விளங்காத இடங்களில், அவர் சொன்ன செய்முறையைச் செய்துபார்த்தே முடிவுக்கு வந்தார்கள். சுமார் ஐந்தாண்டு உழைப்பில் உருவான ஆங்கில மொழிபெயர்ப்பு 1912-ல் வெளியானது. இன்றும் ஆய்வாளர்கள் நம்பிப் புரட்டும் பதிப்பு அது.

கசட்டுக் குன்றையும் லத்தீன் நூலையும் ஹூவர் ஒரே விதமாகத்தான் அணுகினார். முன்னோர் மூடர்கள் என்று அவர் நினைக்கவில்லை. அவர்கள் எதைச் செய்தார்கள், எதை விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று கேட்டார். பொறியாளருக்கு அதைவிடப் பெரிய கல்வி இல்லை.

ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. பாட்வினின் மூன்று தாதுப் படுகைகளுக்கு சைனாமேன், ஷான், மைங்தா என்று மக்கள் கூட்டங்களின் பெயர்களைக் கம்பெனி வைத்தது. அங்கே கண்டவர்களும் தோண்டியவர்களும் யார் என்பதை அந்தப் பெயர்களே ஒப்புக்கொள்கின்றன. தனி மனிதர் ஒருவர் பெயரும் அதில் இல்லை. பங்குப் பத்திரத்திலும் அவர்களுக்கு இடமில்லை. தாது எங்கே ஓடுகிறது என்பதைக் கருவியில்லாமல் கண்டு, விளக்கு வெளிச்சத்தில் பாறை பிளந்து, நிறத்தைப் பார்த்தே உலையின் சூட்டை அறிந்தவர்கள் அவர்கள். ஹூவரைச் சுரங்கப் பொறியாளர் என்று எழுதும் வரலாறு, அந்த யுன்னான் உலைக்காரர்களையும் அதே சொல்லால் எழுத வேண்டும்.

யுன்னானிலிருந்து வந்து, மாண்டலேயில் பள்ளிவாசல் எழுப்பி வாழ்ந்த பந்தே முஸ்லிம்களின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)