பாலைவனத்துக்குப் புறப்படுமுன்

‘நீண்ட பயணம் ஒன்றுக்கு நீ எவ்வாறு ஆயத்தமாவாய்?’ என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தால், நம் மாணவர்கள் உடனே ஒரு பட்டியல் எழுதத் தொடங்கிவிடுவார்கள். குடை, தண்ணீர்ப் புட்டி, மருந்து, மாற்றுடை எனப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். வரலாற்றில் உண்மையாகவே பாலைவனத்தைக் கடந்தவர்களின் ஆயத்தம் அவ்வாறு இருக்கவில்லை. ஆசிரியர்களும் பெற்றோர்களும் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லத்தக்க செய்தி என்பதால் அதனை இங்கே எழுதுகிறேன்.

தாமஸ் ஆலன், வில்லியம் சாக்ட்லெபன் என்னும் அமெரிக்க இளைஞர் இருவர் 1890-ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றனர். பெற்ற கையோடு மிதிவண்டியில் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டனர். ஐரோப்பா, துருக்கி, பாரசீகம், ரஷ்யத் துருக்கிஸ்தான் வழியாக 1892-ஆம் ஆண்டுக் கோடையில் சீன எல்லைக்குள் இருந்த குல்ஜா நகரை அடைந்தனர். இன்று அந்நகரின் பெயர் யினிங். அதற்கு அப்பால் கோபிப் பாலைவனம். பெய்ஜிங் வரை 3,000 மைலுக்கு மேற்பட்ட வழி.

அங்கே அவர்கள் செய்த ஆயத்தம் முழுவதும் கழித்தல் கணக்குதான். மிதிவண்டியின் கைப்பிடியையும் இருக்கைத் தண்டையும் எடை குறைவதற்காக வெட்டிக் குட்டையாக்கினர். தாங்களே வடிவமைத்து உரிமம் பெற்றிருந்த தோல் பைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, கம்பளிச் சால்வையாலும் எண்ணெய்த் துணியாலும் தைத்த உறக்கப் பைகளைக் கட்டிக்கொண்டனர். இரண்டு புகைப்படக் கருவிகளுள் ஒன்றைச் சீனப் புகைப்படக்காரர் ஒருவரிடம் விற்று, அந்த இடத்தில் உணவுப் பை ஒன்றை வைத்தனர். எஞ்சிய மூட்டை சைபீரியா வழியாக அஞ்சலில் பெய்ஜிங்கிற்குச் சென்றது. சட்டைப் பொத்தான்களும் தலைமுடியும்கூட இந்தக் கழித்தலுக்குத் தப்பவில்லை!

ஆனால், கழிக்க முடியாத சுமை ஒன்று இருந்தது. அது பணம். லண்டன் வங்கி கொடுத்த கடன் கடிதம் அந்தப் பகுதியில் வெறுங்காகிதம். உள்ளூரில் வழங்கியதோ நடுவில் துளையிட்டுக் கயிற்றில் கோத்த செம்புக் கலவைக் காசு. வழிச்செலவு முழுவதற்கும் அக்காசைக் கொண்டுபோவதென்றால் மாட்டுவண்டிதான் வேண்டும். பணச் சிக்கல் ஒன்றே உங்கள் திட்டத்தைக் கவிழ்த்துவிடும் என்று ரஷ்யத் தூதரக அதிகாரி எச்சரித்தார். இறுதியில் குதிரைக் குளம்பு வடிவிலான வெள்ளிக் கட்டிகளை வாங்கிச் சிறு துண்டுகளாக வெட்டினர். அவற்றை மிதிவண்டிச் சட்டத்தின் உட்குழாய்களுக்குள் திணித்து மறைத்தனர். திருடர் கண்ணில் படாத பெட்டகம் அதுவாயிற்று. எடையைக் குறைக்கக் கைப்பிடியை வெட்டியவர்கள் அதே வண்டிக்குள் வெள்ளியை நிரப்பினார்கள் என்பது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். எனக்கோ அவர்களுடைய ஆயத்தத்தில் மிகவும் அறிவார்ந்த பகுதி இதுவே எனப்படுகிறது.

தண்ணீர்? இரு சக்கர வண்டியில் எவ்வளவு தண்ணீரைத்தான் ஏற்றிச் செல்ல முடியும்? அவர்கள் நம்பியது சாலையை. ஹாமியிலிருந்து அன்சி வரை 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்த வறண்ட பகுதியில், வணிகர்களும் அரசாங்கத் தூதர்களும் நூற்றாண்டுக் கணக்கில் சென்றுவந்த வழி ஒன்று இருந்தது. அவ்வழியில் நாள் நடைக்கு ஒன்றாகத் தங்குமிடமும் கிணறும் இருந்தன. நீர் உப்புக் கரித்தாலும் உயிரைக் காத்தது. அந்தச் சாலையில் மறைவின்றிச் செல்லும் உரிமையை அவர்களுக்கு அளித்தது சீன அரசின் கடவுச்சீட்டு. 1892 நவம்பர் 3-ஆம் நாள் அவர்கள் பெய்ஜிங்கை அடைந்தனர்.

ஆஸ்திரேலியாவிலும் இதே கதைதான். ஆர்தர் ரிச்சர்ட்சன் 1896 நவம்பர் 24-ஆம் நாள், அந்நாட்டின் கோடை தொடங்கும் வேளையில், கூல்கார்டி தங்கவயலிலிருந்து கிளம்பினார். கையில் ஒரு சிறு மூட்டையும் ஒரு தண்ணீர்ப் பையும் மட்டுமே. நல்லர்போர் சமவெளியைத் தந்திக் கம்பிகளின் வழியே கடந்து 31 நாளில் அடிலெய்டு சேர்ந்தார்.

ஆலனும் சாக்ட்லெபனும் வைத்திருந்த அந்தக் கடவுச்சீட்டின் மதிப்பை அறிய வேண்டுமானால், ஏறக்குறைய 1,260 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். ஹாமிக்கும் அன்சிக்கும் இடைப்பட்ட அதே பாலையை எதிர்த்திசையில் தன்னந்தனியாகக் கடந்தவர் ஒருவர் உண்டு. பின்னாளில் நம் காஞ்சிபுரம் வரை வந்த யுவான் சுவாங்தான் அவர். நாட்டைவிட்டு மேற்கே செல்லக் கூடாது என்னும் அரச தடையை மீறிப் புறப்பட்டவர் அவர். ஆதலால் நீர் இருந்த காவற்கோபுரங்களே அவருக்கு ஆபத்தாயின. முதற்கோபுரத்தருகே இரவில் ஒளிந்து நீர் எடுக்க முயன்றபோது அம்புகள் பாய்ந்து வந்தன. நான்காம் கோபுரத்தின் தலைவர் இரக்கங்கொண்டு, ஐந்தாவதன் பக்கம் போகாமல் நேரே ஓர் ஊற்றுக்குச் செல்லுமாறு சொல்லி, பெரிய தோற்பை நிறைய நீரும் கொடுத்தனுப்பினார். சுவாங் வழி தவறினார். பையைத் தூக்கிக் குடிக்கப்போன வேளையில் அது கை நழுவி விழ, நீர் முழுவதும் மணலில் ஊறிப்போயிற்று. நான்கு இரவும் ஐந்து பகலும் ஒரு துளி நீரில்லை என்று அவருடைய மாணவர் எழுதிய வரலாறு கூறுகிறது.

அவரும் புறப்படுமுன் ஓர் ஆயத்தம் செய்திருந்தார். முதியவர் ஒருவர், “இந்தக் குதிரை ஹாமிக்குப் பதினைந்து முறை போய்வந்தது, உங்கள் குதிரை இளசு, தாங்காது” என்று சொல்ல, தம் இளங்குதிரையைக் கொடுத்துவிட்டு அந்த மெலிந்த கிழட்டுக் குதிரையை வாங்கிக்கொண்டார். ஐந்தாம் இரவில் குளிர்காற்று சற்று வீசியபின், அந்தக் குதிரை அவர் இழுத்த பக்கம் வராமல் வேறு திசையில் திரும்பி நடந்தது. சிறிது தொலைவில் பசும்புல்லும், அதை அடுத்து ஒரு குளமும் இருந்தன.