மழைச் சத்தமும் அரை மாத்திரையும்

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு பொங்கி, வண்டலூருக்குப் பக்கத்து முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. தண்ணீர் சில நாளில் வடிந்துவிடும். பயம் அப்படி வடியாது. ராத்திரி மழைச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், செத்துடுவோமோன்னு தோணும். பேனிக் அட்டாக் என்பது இதுதான். அந்த நேரத்தில் யாராவது, "இதுல அரை போட்டுக்கோங்க, சரியாயிடும்" என்று ஒரு அல்பிரசோலாம் மாத்திரையை நீட்டுவாங்க. அந்த அரை மாத்திரைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கு.

அமெரிக்காவில் ரோஷ் கம்பெனியில் வேலை பார்த்த வேதியியலாளர் லியோ ஸ்டெர்ன்பாக் கண்டுபிடித்த லிப்ரியம் 1960இல் சந்தைக்கு வந்தது. 1963இல் வேலியம். இவைதான் பென்சோடயசிபைன் குடும்பத்தின் மூத்த பிள்ளைகள். அல்பிரசோலாம் 1981இல் வந்தது. மூளையின் பரபரப்பை அடக்கும் 'காபா' என்ற வேதிப்பொருளின் வேலையை இவை கூட்டும். பழைய தூக்க மாத்திரைகளை விட ஆபத்து குறைவு என்பதால் டாக்டர்கள் தாராளமாக எழுதினார்கள். பழக்கமாகிவிடும் என்பது பிற்பாடுதான் உறைத்தது.

பேனிக் அட்டாக் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, தானாகவே இறங்க ஆரம்பிக்கும். விழுங்கிய மாத்திரை வேலை செய்யவோ அரை மணி நேரமாவது ஆகும். அலை தானாக இறங்கியிருக்கும். பேர் மாத்திரைக்குப் போகும். அடுத்த மழைக்கு மாத்திரை கையில் இல்லைன்னா, அதுவே புதுப் பயம்.

இஸ்ரேலில் நடந்து 1996இல் வெளியான ஒரு சிறு ஆய்வு இன்னும் கலவரப்படுத்தியது. விபத்து போன்ற அதிர்ச்சியிலிருந்து மீண்ட 13 பேருக்கு இந்த வகை மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து அவர்களில் 9 பேருக்கு பி.டி.எஸ்.டி. எனும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் இருந்தது. மாத்திரை எடுக்காத 13 பேரில் அதைவிடக் குறைவானவர்களுக்குத்தான். 26 பேரை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனாலும் கேள்வி நியாயமானது: 'மழை பெய்யுது, நான் பத்திரமா இருக்கேன்' என்று மூளை திரும்பக் கற்றுக்கொள்ள வேண்டிய நேரத்தில் அதை மந்தமாக்கினால், பாடம் எப்படி ஏறும்?

வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் கிழக்கே போனால் வரும் கோவளம் கடற்கரையும் 2004 சுனாமி அடித்த இடம்தான். அந்தச் சமயத்தில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிபுணர்கள் தமிழ்நாட்டில் சமூகப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பேச விட்டுக் கேட்பது, அன்றாட வேலைக்குத் திரும்ப உதவுவது, பிள்ளைகளை விளையாட வைப்பது என்பதாக அந்த வழி போனது. 2013இல் உலக சுகாதார நிறுவனமும், அதிர்ச்சி நடந்த முதல் மாதத்தில் மன அழுத்த அறிகுறிகளுக்குப் பென்சோடயசிபைன் கொடுக்க வேண்டாம் என்றது. 2014 மார்ச் முதல் இந்தியாவில் அல்பிரசோலாம் ஹெச்1 பட்டியலில் இருக்கிறது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று மருந்துக் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும்.

அதற்காக மாத்திரையே பாவம் என்று சொல்லவில்லை. ஒருவரை நேரில் பார்த்த டாக்டர், இத்தனை நாள் மட்டும் என்று கணக்கு வைத்துக் கொடுக்கும் சந்தர்ப்பம் உண்டு. ஏற்கெனவே பல மாதமாக எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திடாதீங்க. வலிப்பு வரைக்கும் கொண்டுபோய் விடலாம். டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்கணும். பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் டெலி மனாஸ் எண் 14416, எந்த நேரமும்.